மூணு மாசக் கெடு

விருத்தாசலம் செராமிக் பேட்டையில் மண் குழைக்கிற, மோல்டு ஊற்றுகிற, சூளை பார்க்கிற, பொம்மைக்கு வண்ணம் தீட்டுகிற எல்லா அம்மா அப்பாக்களுக்கும்,



போன வாரம் மதியச் சாப்பாட்டு நேரத்தில், நம் கொட்டகையில் ஒரு தங்கச்சி தன் பையிலிருந்து ஒரு டியூபை எடுத்துப் பக்கத்தில் இருந்தவளிடம் நீட்டினாள். "உன் பொண்ணுக்குப் போட்டு விடு. ரெண்டே நாள்ல பரு அமுங்கிடும், மூஞ்சியும் வெளுத்துடும்" என்றாள். நல்ல மனசோடுதான் கொடுத்தாள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அந்த டியூபை எனக்குத் தெரியும். ஒன்றரை வருஷம் அது என் வீட்டுக் கண்ணாடி அலமாரியில் இருந்தது. அன்றைக்கு நான் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவப் போய்விட்டேன். ராத்திரி தூக்கம் வரவில்லை. அப்போது சொல்லாததைத்தான் இப்போது எழுதுகிறேன்.

என்னைப் பலருக்குத் தெரியும். பொம்மைக்குக் கண் எழுதுகிறவள். மோல்டைப் பிரித்துப் பொம்மையை எடுக்கும்போது, இரண்டு பாதியும் சேர்ந்த இடத்தில் ஒரு கோடு நிற்கும் இல்லையா? அதை ஈர ஸ்பான்ஜால் துடைத்துத் துடைத்தே என் விரலுக்குக் கண் வந்துவிட்டது. கொலுப் பொம்மையின் கன்னத்தில் ஊசிமுனை அளவு குழி இருந்தாலும் தடவும்போதே தெரிந்துவிடும். இப்படிப்பட்ட நான், என் மகன் முகத்தில் என்ன நடக்கிறது என்று பார்க்க ஆறு மாசம் ஆயிற்று.

அவன் அப்போது ஒன்பதாவது. முதலில் நெற்றியில் நாலைந்து, பிறகு மூக்கோரம், பிறகு இரண்டு கன்னத்திலும். "வயசுப் பரு, தானா போயிடும்" என்று நானும் சொன்னேன், அவன் பாட்டியும் சொன்னாள். சாப்பிடும்போது ட்யூப்லைட்டை அணைத்துவிட்டு டிவி வெளிச்சத்தில் உட்காருவான். கண் கூசுகிறது என்பான். நான் நம்பினேன். பள்ளிக்கூடத்தில் அவனுக்கு என்ன பட்டப்பெயர் வைத்திருந்தார்கள் என்பது எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது. அதை இங்கே எழுத எனக்கு மனசில்லை.

ஒரு நாள் மருந்துக்கடையில் தலைவலி மாத்திரை வாங்கும்போது, பையனுக்கு முகப்பரு என்று வாய்விட்டுச் சொன்னேன். கடைக்காரர் எடுத்துக் கொடுத்ததுதான் அந்த டியூப். சீட்டு கேட்கவில்லை, நானும் கொண்டுபோகவில்லை. போட்ட மூன்றாம் நாளே சிவப்பு அடங்கியது. ஒரு வாரத்தில் முகம் மினுமினுவென்று ஆனது. நான் அக்கம்பக்கத்தில் நாலு பேருக்கு அந்தப் பெயரைச் சொன்னேன். அந்த நாலு வீட்டுக்கும் பிறகு போய் விஷயத்தைச் சொல்லிவிட்டேன்.

மூன்றாவது மாசம், ஒரே அளவில் கடுகு தூவினாற்போல் சின்னச் சின்னப் பரு கொத்துக் கொத்தாக வந்தது. வெயிலில் போனால் முகம் எரிகிறது என்றான். கன்னத்தில் சிவப்பு நூல் மாதிரி ரத்தக்குழாய் தெரிந்தது. பயந்துபோய் மருந்தை நிறுத்தினால் இரண்டே நாளில் முகம் தீப்பட்டதுபோல் சிவந்து வீங்கியது. மறுபடி போட்டால் அடங்கியது. இப்படியே நிறுத்துவதும் போடுவதுமாக ஒன்றரை வருஷம் ஓடியது.

கடைசியில் அரசு மருத்துவமனைத் தோல் டாக்டரம்மா அந்த டியூபை வாங்கி, பொடி எழுத்தை விரலால் காட்டி என் மகனையே படிக்கச் சொன்னார். பீட்டாமெத்தசோன் என்று இருந்தது. ஸ்டீராய்டு. பருவுக்கு அது மருந்தே இல்லை என்றார். சிவப்பையும் வீக்கத்தையும் அமுக்கி வைப்பதால் முதல் வாரம் குணமானதுபோல் காட்டும். உள்ளே தோல் மெலிந்துகொண்டே போகும். மெலிந்த தோலில் ரத்தக்குழாய் வெளியே தெரியும், பெண் பிள்ளைகளுக்கு முகத்தில் முடி முளைக்கும், படர்தாமரை இருந்தால் பரவும், பருவையே புதிதாகக் கிளப்பிவிடும். ஸ்டீராய்டால் கெட்ட முகம் என்று தோல் மருத்துவர்கள் இதற்குத் தனிப் பெயரே வைத்திருக்கிறார்கள்.

நாம் மட்டும் ஏமாந்தோம் என்று நினைக்க வேண்டாம். நர்சிங் படிக்கிற என் அண்ணன் மகள் தேடி எடுத்துக் கொடுத்தாள். இந்தியாவில் 12 மருத்துவ மையங்களில் முகத்தோல் பிரச்சினையோடு வந்த 2926 பேரைப் பார்த்திருக்கிறார்கள். 2011-ல் அந்த ஆய்வு வெளிவந்தது. அதில் 433 பேர் முகத்தில் ஸ்டீராய்டு தடவிக்கொண்டிருந்தவர்கள். அவர்களில் 104 பேர் பருவுக்கென்றே அதைப் போட்டவர்கள். மற்றவர்களில் நிறையப் பேர் வெளுப்பதற்காகப் போட்டவர்கள். தோல் மருத்துவர் சங்கம் பல வருஷம் குரல் கொடுத்த பிறகு, 2018 மார்ச்சில் மத்திய அரசு 14 வகை ஸ்டீராய்டு பூச்சு மருந்துகளை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று அறிவித்தது. என் மகனுக்கு நான் வாங்கியது அந்த அறிவிப்புக்கு அப்புறம்தான்.

ஆகவே முதல் வேலை, இன்றைக்கு வீட்டுக்குப் போனதும் பிள்ளைகள் போடுகிற டியூபை எடுத்துப் பின்பக்கம் படியுங்கள். பீட்டாமெத்தசோன், மோமெட்டசோன், குளோபெட்டசால், ஃபுளூசினோலோன், பெக்லோமெத்தசோன் என்று ஏதாவது இருந்தால் அது ஸ்டீராய்டு. 'சோன்' என்று முடிகிற பெயரைப் பார்த்தாலே நின்று விசாரியுங்கள். படிக்கத் தெரியாவிட்டால் என்னிடம் கொண்டு வாருங்கள். ரொம்ப நாளாகப் போட்டுவருகிற பிள்ளையாக இருந்தால், நான் செய்ததுபோல் நீங்களே பட்டென்று நிறுத்திவிட்டு வீட்டில் உட்காராதீர்கள். முகம் கொதிக்கும். பிள்ளை பயந்துபோய் மறுபடி அதையே தேடும். டியூபோடு தோல் டாக்டரிடம் போங்கள். எப்படி விடுவது என்று அவர் சொல்வார்.

இனி பரு என்றால் என்ன என்று எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். வயசுக்கு வரும்போது ஆண்ட்ரோஜன் என்கிற சுரப்பு, ஆணுக்கும் பெண்ணுக்கும், ஏறுகிறது. அதனால் தோலில் எண்ணெய்ச் சுரப்பி அதிகம் வேலை செய்கிறது. அந்த எண்ணெய் வெளியே வரும் துவாரம் செத்த தோல் துகளால் அடைபடுகிறது. தோலில் எப்போதும் குடியிருக்கிற கியூட்டிபாக்டீரியம் ஆக்னஸ் என்ற கிருமி அடைபட்ட எண்ணெயில் பெருகுகிறது. உடம்பு அதை எதிர்க்கும்போது சிவந்து, சீழ் கோத்துக்கொள்கிறது. கிளேஸ் போட்ட தட்டில் சில சமயம் குண்டூசிக் குத்து மாதிரித் துளை விழுகிறதே, உள்ளே மாட்டிக்கொண்ட காற்றால் வருவது, அதற்கு மேலே எவ்வளவு தேய்த்தாலும் போகாது. பருவும் அப்படித்தான், அடைப்பு உள்ளே இருக்கிறது. அழுக்கால் வருவது இல்லை. என் மகன் ஒரு நாளைக்கு எட்டு முறை சோப்புப் போட்டுத் தேய்த்துக் கன்னத்தை வறளடித்து வைத்திருந்தான். காலையும் மாலையும் மென்மையான ஃபேஸ்வாஷில் இரண்டு தடவை கழுவினால் போதும்.

என் வீட்டுக்காரர் சூளை பார்க்கிறவர். "உடம்புச் சூடுதான், வேற ஒண்ணுமில்ல" என்பது அவர் கட்சி. வாரம் இரண்டு முறை தலையில் நல்லெண்ணெய் தேய்த்து ஊறவைத்தார். எண்ணெய் நெற்றியில் வழிந்து அங்கேதான் பரு அதிகமானது. எண்ணெய்க் குளியல் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தலைக்கு எண்ணெய் வைத்தால் நெற்றியில் இறங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்றுதான் டாக்டரம்மா சொன்னார். லீவு நாளில் சூளைப் பக்கம் வேலைக்கு வரும் பசங்களுக்கு வியர்வையும் தூசியும் மாஸ்க் உரசலும் சேர்ந்து பருவைக் கூட்டும், அது உண்மை. வேலை முடிந்ததும் முகம் கழுவச் சொல்லுங்கள். எலுமிச்சைச் சாறு தடவிக்கொண்டு வெயிலில் போனால் தோல் வெந்து கறுத்துப்போகும். பற்பசை எரிச்சலைத்தான் தரும். கஸ்தூரி மஞ்சள் போட்டு யாருக்கும் கெடுதல் நேர்ந்ததை நான் பார்த்ததில்லை. ஆனால் உள்ளே இருக்கும் அடைப்பை அது திறக்காது.

சாப்பாட்டைப் பற்றிக் கேட்பீர்கள். எண்ணெய்ப் பலகாரம் தின்றால் அந்த எண்ணெயே முகத்தில் வழிகிறது என்பது சரியில்லை. சர்க்கரை சட்டென்று ஏற்றுகிற இனிப்பு, கூல்டிரிங்ஸ், மைதாப் பண்டம் ஆகியவை பருவைக் கூட்டும் என்பதற்கு ஓரளவு ஆதாரம் இருக்கிறது. ஜிம்முக்குப் போகும் பையன்கள் புரோட்டீன் பவுடர் குடித்தால் அதையும் டாக்டரிடம் சொல்லச் சொல்லுங்கள். பால் புரதத்தில் செய்கிற அந்தப் பவுடராலும் சிலருக்குப் பரு கிளம்புகிறது. இட்லியை நிறுத்தியோ பட்டினி போட்டோ பிள்ளையை வாட்ட வேண்டாம்.

இனிதான் எனக்கு முக்கியமாகத் தோன்றுவது. உண்மையில் கேட்கிற மருந்துகள் இருக்கின்றன, அவை ஒன்றும் ரகசியமில்லை, விலையும் மலைக்க வைப்பதில்லை. லேசான பருவுக்குப் பென்சாயில் பெராக்சைடு, அடாபலீன் என்ற இரண்டும்தான் முதுகெலும்பு. ஒன்று கிருமியைக் கொல்லும், இன்னொன்று அடைப்பைத் திறக்கும். இரண்டரை சதவீதப் பென்சாயில் பெராக்சைடு, பத்து சதவீதம் அளவுக்கே வேலை செய்யும். எரிச்சல் மட்டும் குறைவு. அதிக சதவீதம் கேட்டு வாங்காதீர்கள். பென்சாயில் பெராக்சைடு துணியை வெளுக்கும். என் மகனின் நீலத் துண்டில் திட்டுத் திட்டாக வெள்ளை விழுந்ததைப் பார்த்து, துவைக்கும்போது பிளீச்சிங் பவுடர் கொட்டிவிட்டதாக நான் அவன் தங்கையைத் திட்டித் தீர்த்தேன். இப்போது அவனுக்கென்று ஒரு வெள்ளைத் துண்டும் வெள்ளைத் தலையணை உறையும் தனியாக இருக்கின்றன.

அடாபலீனை ராத்திரி, முகம் நன்றாக உலர்ந்த பிறகு, பட்டாணி அளவு எடுத்து முகம் முழுக்கப் பூச வேண்டும். நாம் எல்லோரும் செய்கிற தப்பு, பரு மேல் மட்டும் பொட்டு வைப்பது. நாளைக்கு வரப்போகிற பரு இன்றைக்குக் கண்ணுக்குத் தெரியாது, அதற்கும் சேர்த்துத்தான் மருந்து. முதல் இரண்டு மூன்று வாரம் தோல் உரியும், எரியும், பரு கூடினாற்போல்கூடத் தோன்றும். அப்போதுதான் நிறையப் பேர் விட்டுவிடுகிறார்களாம். ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டு, மேலே மாய்ஸ்சரைசர் பூசினால் தாங்கும். பகலில் சன்ஸ்கிரீன், பிசுபிசுக்காத ஜெல்லாகக் கேட்டு வாங்குங்கள். நம் நிறத் தோலில் பரு ஆறிய இடம் கறுத்துத் தெரியும். அது தழும்பு இல்லை, மாசக்கணக்கில் மங்கும், வெயில் பட்டால் மங்க மறுக்கும். பள்ளம் விழுவதுதான் தழும்பு. கிள்ளிக் கிள்ளி எடுத்தால் அது கூடும். பள்ளம் விழ ஆரம்பித்தாலோ, கட்டி கட்டியாக வலியோடு வந்தாலோ ஒரு நாளும் தள்ளிப்போடாதீர்கள்.

கொஞ்சம் அதிகமான பருவுக்கு டாக்டர் டாக்சிசைக்ளின் மாத்திரை தரலாம். ஒரு டம்ளர் நிறையத் தண்ணீரோடு விழுங்கி, உடனே படுக்காமல் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் உணவுக்குழாயில் ஒட்டிப் புண்ணாக்கும். வெயிலும் சீக்கிரம் சுடும். மூன்று நான்கு மாசத்துக்கு மேல் இழுக்கக் கூடாது, பூச்சு மருந்து இல்லாமல் தனியாகவும் கூடாது. கிருமி மருந்துக்குப் பழகிவிடும். பழைய சீட்டை வைத்து நாமே மறுபடி வாங்கித் தரவே கூடாது.

கடுமையான பருவுக்கு ஐசோட்ரெடினாயின் என்ற மாத்திரை இருக்கிறது. அமெரிக்காவில் 1982-ல் அனுமதி பெற்றது. உண்மையிலேயே பிள்ளைகளை மீட்டெடுக்கிற மருந்து. ஆனால் டாக்டர் கண் பார்வையில், ரத்தப் பரிசோதனையோடுதான். உதடு வெடிக்கும், கண் வறளும். பெண் பிள்ளைகளைப் பெற்றவர்கள் இதை இரண்டு தரம் படியுங்கள்: கர்ப்பமாக இருக்கும்போது இந்த மாத்திரை உள்ளே போனால் குழந்தை கடுமையான ஊனத்தோடு பிறக்கக்கூடும். சாப்பிடும் காலத்திலும் நிறுத்திய பிறகு ஒரு மாசம் வரையிலும் கர்ப்பம் தரிக்கவே கூடாது. படிப்பு முடிந்ததும் கல்யாணம் என்று பேசுகிற வீடுகள் நம்மிடம் உண்டு. அதை டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். இந்த மாத்திரையை அக்காவுக்குக் கொடுத்தது தங்கைக்கும் ஆகும் என்று பங்கு போடாதீர்கள்.

பெண் பிள்ளைக்கு மாதவிலக்கு தள்ளித் தள்ளிப் போகிறது, தாடையோரம் பரு, மேலுதட்டில் முடி என்றால் கர்ப்பப்பை பக்கத்திலிருக்கிற சினைப்பையைப் பார்க்கச் சொல்வார்கள். பி.சி.ஓ.எஸ். என்பார்கள். முகத்துக்கு மட்டும் மருந்து போட்டு அது தீராது. வெளியே சொல்ல வெட்கப்பட்டுத்தான் நம் பெண்கள் மருந்துக்கடையில் டியூப் வாங்குகிறார்கள்.

எங்கே போவது? முதலில் நம் விருத்தாசலம் அரசு மருத்துவமனையில் சீட்டு வாங்கி, தோல் டாக்டர் எப்போது பார்க்கிறார் என்று கேளுங்கள். இல்லையென்றால் சேத்தியாத்தோப்பு வழியாகச் சிதம்பரம் பஸ் ஏறினால் அண்ணாமலை நகரில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. புதுச்சேரியில் ஜிப்மர். இரண்டிலும் தோல் துறை உண்டு. ஒரு நாள் சம்பளம் போகும், தெரியும். ஒன்றரை வருஷத்தில் டியூபுக்கும் க்ரீமுக்கும் ஃபேஷியலுக்கும் நான் செலவழித்ததைக் கூட்டிப் பார்த்தேன், பன்னிரண்டு நாள் கூலியைத் தாண்டியது. சுந்தரர் நம் மணிமுத்தாற்றில் போட்ட பொன்னைத் திருவாரூர்க் குளத்தில் எடுத்தார் என்று கதை கேட்டிருக்கிறோம். நான் போட்டது எந்தக் குளத்திலும் கிடைக்கப்போவதில்லை.

அன்றைக்கு டாக்டரம்மா "குறைஞ்சது பன்னிரண்டு வாரம், அதுவரைக்கும் விடாம போடணும்" என்றபோது என் வீட்டுக்காரர் முகம் தொங்கிவிட்டது. "மூணு மாசமா?" என்றார். திரும்பி வரும் பஸ்ஸில் சேத்தியாத்தோப்பு தாண்டும்வரை பேசவில்லை. பிறகு ஜன்னலைப் பார்த்துக்கொண்டே, "நல்லா காய வெச்சுதான் அடுக்கணும் போல" என்றார். ஈரம் போகாத பொம்மையைச் சூளையில் அடுக்கி, உள்ளேயே வெடித்துச் சிதறியதை அவர் எத்தனை முறை அள்ளிக் கொட்டியிருக்கிறார் என்று எனக்குத் தெரியும்.

இன்னொன்று சொல்ல வேண்டும். இதைச் சொல்லலாமா என்று மகனிடம் கேட்டேன், சொல்லும்மா என்றான். அந்த ஒன்றரை வருஷத்தின் நடுவில் ஒரு நாள் அவன் கணக்கு நோட்டில் மடித்த தாள் ஒன்று கிடைத்தது. மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் சாமிக்கு எழுதிய பிராது. நிலத் தகராறு, திருட்டு, வராத கடன் என்று பெரியவர்கள் அங்கே போய்ப் பிராது கட்டுவதைப் பார்த்தே வளர்ந்தவன். "என் முகத்தை யாரும் பார்க்காதபடி செய்ய வேண்டும்" என்று எழுதியிருந்தான். முகம் சரியாக வேண்டும் என்றுகூட அவன் கேட்கவில்லை. அந்தத் தாளோடு அடுப்படியில் உட்கார்ந்துவிட்டேன்.

நூறு பிள்ளைகளில் எண்பத்தைந்து பேருக்கு இந்த வயசில் பரு வருகிறது. அதனாலேயே நமக்கு அது அற்பமாகத் தெரிகிறது. உங்கள் பிள்ளை லைட்டை அணைக்கிறதா, பள்ளி போட்டோ அன்றைக்குக் காய்ச்சல் என்கிறதா, கல்யாண வீட்டுக்கு வர மாட்டேன் என்கிறதா, கவனியுங்கள். "மூஞ்சியில என்னடா சொறி" என்று சொந்தக்காரர் முன்னால் கேட்காதீர்கள், அந்த வார்த்தையை நானே சொல்லியிருக்கிறேன். பேச்சு குறைந்து, உயிரோடு இருந்து என்ன என்கிற மாதிரி ஒரு சொல் வந்தால், பருவுக்கா இவ்வளவு என்று நினைக்காமல் அன்றைக்கே டாக்டரிடம் சொல்லுங்கள். 14416 என்ற டெலி மானஸ் எண்ணுக்குப் பேசலாம், காசு இல்லை, தமிழிலேயே பேசுவார்கள்.

கொளஞ்சியப்பரிடம் மூணு நாள், மூணு வாரம், மூணு மாசம் என்று கெடு சொல்வார்கள். டாக்டரம்மா சொன்ன பன்னிரண்டு வாரமும் அந்த மூணு மாசம்தான் என்று என் மகன் சுவர்க் காலண்டரில் வட்டம் போட்டான். ஸ்டீராய்டை விட்ட முதல் மாசம் மோசமாகத்தான் இருந்தது, மறைக்க மாட்டேன். ராத்திரி ஈரத் துணியை முகத்தில் போட்டுக்கொண்டு படுத்தான். ஏழாவது வாரத்தில் புதுப் பரு வருவது குறைந்தது. பதினோராவது வாரத்தில் ஒரு நாள் அவனாகவே ட்யூப்லைட்டைப் போட்டுவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தான். யாரும் எதுவும் சொல்லவில்லை. அவன் அப்பா இன்னொரு தோசை வைத்தார். கன்னத்தில் கறுப்புத் திட்டுகள் இன்னும் இருக்கின்றன. சிவப்பு நூல்களும் முழுக்கப் போகவில்லை. மருந்தும் நிறுத்தவில்லை, பரு அடங்கிய பிறகும் அடாபலீனைத் தொடர வேண்டுமாம்.

அந்த டியூபை வாங்கிக்கொண்ட தங்கச்சி, நீ இதைப் படித்தால் அல்லது யாராவது உனக்குப் படித்துச் சொன்னால், பொண்ணுக்கு அதைப் போடாதே. கொடுத்தவள் மேலும் கோபப்படாதே, நானும் நாலு பேருக்குக் கொடுத்தவள்தான். சிதம்பரம் போக உனக்குத் துணை வேண்டுமென்றால் நான் வருகிறேன். காலை முதல் பஸ்ஸுக்குக் கிளம்பினால் சீட்டு வாங்கும் வரிசையில் முன்னால் நிற்கலாம். லீவு விஷயத்தை நானே மேஸ்திரியிடம் பேசுகிறேன். பொண்ணையும் கூட்டிக்கொண்டு வா, அந்த டியூபையும் மறக்காமல் எடுத்துக்கொள், டாக்டர் கேட்பார்.

இப்படிக்கு,
பொம்மைக்குக் கண் எழுதும் ஓர் அம்மா
விருத்தாசலம்